கடற்கரை வளவில் ஆவரசு வளர்ப்பது எப்படி

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லடி, திருக்கோவில், பொத்துவில் பக்கம் கடலுக்குக் கிட்ட வளவு உள்ளவர்கள் ரோசாவை வாங்கி வைத்து, வறண்ட கச்சான் காற்றில் அது கருகிப்போவதைப் பார்க்கவே கவலையாக இருக்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றாமலே நம் வறண்ட பற்றைகளில் மஞ்சளாகப் பூத்து நிற்கிற ஆவரசு இருக்க, ஏன் இந்தப் பாடு?

விதையில்தான் தொடங்க வேண்டும். பற்றையில் பிடுங்கி வருகிற கன்று பெரும்பாலும் பிழைக்காது, ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும், அது அறுந்தால் கன்று போச்சு. காய் தட்டையாக, பழுப்பாகக் காய்ந்ததும் பறியுங்கள், ஆனால் அதற்கு முன் அது ஆவரசுதானா என்று பாருங்கள், ஏனென்றால் அதே இனத்துத் தகரைச் செடிக்கும் மஞ்சள் பூதான். ஆவரசில் இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில் காது மடல் போல அகன்ற சிற்றிலைகள் இரண்டு பக்கமும் இருக்கும், இலை வளர்ந்த பிறகும் அவை உதிராது.

விதையின் தோல் கடினம். அப்படியே போட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, விதைமேல் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியதை விதைக்கலாம், உப்பாததைச் சீமெந்துத் தரையில் லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி ஊறப்போடுங்கள்.

காலம் முக்கியம். ஒக்டோபரில் மாரி தொடங்கும்போது, நிற்க வேண்டிய இடத்திலேயே இரண்டு மூன்று விதையை அரை அங்குல ஆழத்தில் போட்டு, பிறகு நல்ல கன்று ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். தண்ணீரை மழை பார்த்துக்கொள்ளும், கோடைக்குள் வேர் ஆழம் போய்விடும். முழு வெயில் வேண்டும், மணல் பரவாயில்லை, மழைத்தண்ணீர் தேங்குகிற பள்ளம் மட்டும் கூடாது, அப்படியான இடத்தில் மண்ணைக் குவித்து மேடாக்கி விதையுங்கள். அலைத்தூவானம் நேரே அடிக்கிற முன்வரிசையில் தாழையோ வேலியோ இருக்கட்டும், ஆவரசு அதற்குப் பின்னால் நிற்கட்டும்.

இது பயற்றங்குடும்பச் செடி என்றாலும் வேரில் முடிச்சு பிடித்து தழைச்சத்து சேர்க்கிற வகை இல்லை, அதனால் வெறும் மணலாக இருந்தால் குழியில் இரண்டு கை நன்றாக மக்கிய மாட்டெரு கலந்துவிடுங்கள். அதற்குமேல் உரம் போட்டால் இலைதான் கூடும். முதல் கோடையில் கிழமைக்கு ஒருமுறை ஆழமாக நனையும்படி தண்ணீர், அடியில் தென்னோலையோ தேங்காய்ப் பொச்சோ மூடாக்கு. அடுத்த வருடம் தண்ணீரை மறந்துவிடலாம்.

பூ கொப்பு நுனியில்தான் வரும், ஆகவே மாரிக்குச் சற்று முன் மூன்றில் ஒரு பங்கை வெட்டினால் புதுக்கொப்பு நிறைய விட்டு அடர்த்தியாகப் பூக்கும். இலையைப் பச்சைப் புழு தின்றால் தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள், அது பெரும்பாலும் வளவில் பறக்கிற வெளிர்நிற வண்ணத்துப்பூச்சியின் புழு, செடி மறுபடி தளிர்க்கும். மருந்து அடிக்காத பூ என்றால் நிழலில் உலர்த்தித் தேநீருக்கும் எடுக்கலாம்.