மூச்சுக்குழாய்க்குள் சுவாசக் குழாய் செலுத்தும்போது எகிறும் ரத்த அழுத்தம்: எந்த மருந்தை எப்போது கொடுப்பது?

மயக்கவியல் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான இவ்விளக்கத்தை மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே பின்பற்ற வேண்டும்.

முதலில், எதை அடக்க முயல்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். குரல்வளையைப் பார்க்க உதவும் கருவியான லாரிங்கோஸ்கோப்பின் தகடு நாக்கின் அடிப்பகுதியை உயர்த்தும்போது எழும் தூண்டல், நாத்தொண்டை நரம்பு, வேகஸ் நரம்பு ஆகியவற்றின் வழியே மூளைத்தண்டை அடைந்து பரிவு நரம்பு மண்டலத்தை முடுக்குகிறது. அதனால் ரத்தத்தில் அட்ரினலினும் நார்அட்ரினலினும் பெருகி, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சில நொடிகளில் ஏறத் தொடங்கி, ஓரிரு நிமிடங்களில் உச்சத்தை எட்டிப் பின் தணிகின்றன. உடல்நலமுள்ள இளைஞர் இதைத் தாங்கிக்கொள்வார்; இதயத் தமனி அடைப்போ மூளை ரத்தக்குழாய் வீக்கமோ உள்ளவருக்கு இந்தச் சில நிமிடங்களே ஆபத்தானவை.

அடுத்து, வலுவான வலிநிவாரணியான ஃபென்டனில். கிலோவுக்கு 2 முதல் 3 மைக்ரோகிராம் வரை, லாரிங்கோஸ்கோப்பை வாயில் நுழைப்பதற்கு 3 முதல் 5 நிமிடங்களுக்கு முன்பே மெதுவாகச் செலுத்த வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் அளவைச் சரியாகக் கணக்கிட்டுவிட்டு நேரத்தில்தான் தவறுகிறார்கள்: ஃபென்டனிலைத் தொடர்ந்து உடனே புரோப்போஃபாலைச் செலுத்தி, அவசரமாகக் குழாயை நுழைத்தால், தூண்டல் உச்சத்தில் இருக்கும்போது மருந்தின் வேலை முழுமையடைந்திருக்காது, அது முழுமையடையும் நேரத்திலோ அடக்குவதற்குத் தூண்டலே இராது, ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

பின்னர் தூக்க மருந்து. புரோப்போஃபால் ரத்தக்குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைத் தானாகவே குறைக்கும் என்பதால், முதியவர்களுக்கு அளவைக் குறைத்து, மெதுவாகக் கொடுக்க வேண்டும். எட்டோமிடேட் அழுத்தத்தைச் சரியவிடாது, ஆனால் குழாயால் எழும் ஏற்றத்தையும் தடுக்காது. கெட்டமினோ பரிவு நரம்பைத் தானே தூண்டும். நோயாளி உறங்கிவிட்டார் என்பதால் உடலின் எதிர்வினையும் அடங்கிவிட்டது என்று கருதலாகாது.

தசைத் தளர்வு மருந்து இந்த எதிர்வினையை நேரடியாக அடக்குவதில்லை. எனினும் தசைகள் முழுமையாகத் தளரும்வரை முகமூடி வழியே ஆக்சிஜனுடன் செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவும் கொடுத்துக் காத்திருந்தால், மயக்கமும் ஆழமாகும், லாரிங்கோஸ்கோப்பியையும் 15 நொடிகளுக்குள் முடிக்க இயலும். என் பார்வையில், கூடுதலாக ஒரு மருந்தைச் சேர்ப்பதைவிட இதுவே மேலானது.

கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தைக் குழாய் செலுத்த ஏறத்தாழ 90 நொடிகளுக்கு முன் கொடுப்பதும் வழக்கம். அதன் பலன் சீராக இராததால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பீட்டா தடுப்பு மருந்தான எஸ்மோலால் முக்கியமாக நாடித்துடிப்பைக் கட்டுப்படுத்தும். ஆஸ்துமா உள்ளவர்களிடம் எச்சரிக்கை தேவை.

குழாய் சரியான இடத்தில் உள்ளதைக் வெளிமூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடைத் திரையில் காட்டும் அலையைக் கொண்டு உறுதிசெய்தபின், முதல் 5 நிமிடங்களுக்கு நிமிடந்தோறும் ரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும். அது தணியாவிட்டால், அழுத்தம் குறைக்கும் மருந்தை எடுக்கும் முன், மயக்க வாயுவைத் திறந்துவிட்டோமா என்று பாருங்கள்.