பந்து மேல் தப்பில்லை: ரியாக்டிவ் பந்து போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

பின்களை வீழ்த்தும் பவுலிங்கில் ரியாக்டிவ் ரெசின் பந்து வாங்கிய புதிதில் அது திரும்புகிற திருப்பத்தைப் பார்த்து வாய் பிளக்காதவர்கள் கிடையாது. கொஞ்ச நாளில் அதே ஆட்கள் "பந்து செத்துப் போச்சு" என்று புலம்பிக்கொண்டு அடுத்த பந்துக்கு விலை விசாரிக்கிறார்கள். பெரும்பாலும் பந்து அப்படியேதான் இருக்கிறது, மாறியது லேன் மேல், அதாவது பந்து உருளும் தரை மேல், இருக்கும் எண்ணெய். அது கண்ணுக்குத் தெரியாது என்பதால் பழி பந்து மேல் விழுகிறது.

பந்து போடுகிறவர் தாண்டக் கூடாத ஃபவுல் லைனிலிருந்து முதல் பின் வரை 60 அடி. சாதாரண பவுலிங் சென்டரில் அதில் ஏறக்குறைய முதல் 40 அடிக்கு எண்ணெய் இருக்கும், அதற்கு அப்பால் காய்ந்த தரை. எண்ணெயில் பந்து வழுக்கும், காய்ந்த இடம் வந்ததும் பிடித்துத் திரும்பும், கடைசியில் நேராக உருள ஆரம்பிக்கும். இந்த மூன்றும் எங்கெங்கே நடக்கின்றன என்பதுதான் எல்லாம். 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் கவரில் (பந்தின் வெளி ஓட்டில்) நுண்துளைகள் உண்டு, அதனால் அது பிளாஸ்டிக், யூரித்தேன் பந்துகளைவிட வேகமாக எண்ணெயை உறிஞ்சும், காய்ந்த இடத்தில் சட்டென்று பிடிக்கும். அதன் பலமும் அதுதான், தலைவலியும் அதுதான்.

இருப்பதிலேயே அதிகம் திரும்புகிற பந்தை எடுத்துக்கொண்டு காய்ந்த லேனில் போய் நிற்பதுதான் முதல் தவறு, பலரும் செய்வதும் அதுவே. அங்கே பந்து சீக்கிரமே பிடித்துவிடும், பாதி தூரத்திலேயே திரும்பி முடிக்கும், பின்கள் பக்கம் போகும்போது பெட்ரோல் தீர்ந்த வண்டி மாதிரிதான். பார்க்கிறவருக்கோ "கடைசியில் திரும்பவே இல்லை" என்று தோன்றும். உடனே இன்னும் பலமான பந்தைத் தேடுவார், அது இன்னும் முன்னாலேயே தீர்ந்துபோகும்.

எண்ணெய் அதிகமாகி வழுக்கிக்கொண்டே போன பந்தும், முன்னாலேயே தீர்ந்துபோன பந்தும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சொதப்பும், ஆனால் மருந்து நேர் எதிர். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஸ்கோரை விட்டுவிட்டு பந்தின் கடைசி 15 அடியைப் பாருங்கள். (இனி சொல்வதெல்லாம் வலக்கைக்காரர்களுக்கு, இடக்கைக்காரர்கள் திருப்பிப்போட்டுக்கொள்ளுங்கள்.) பின்களை நெருங்கும்போதும் திரும்பிக்கொண்டே, ஆனால் தாமதமாக வந்து முதல் பின்னை லேசாக உரசினால் எண்ணெய் அதிகம். அங்கே பந்து நேர்க்கோட்டில் போய், பாக்கெட்டிலேயே (1, 3 பின்களுக்கு நடுவே) அடித்தும் வலது மூலையில் உள்ள 10ஆம் பின் நின்றுகொண்டிருந்தால், அதற்கு முன்னால் உள்ள 6ஆம் பின் எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். அது 10-ஐத் தொடாமல் பக்கத்துக் குழியில் சோம்பலாக விழுந்து கிடந்தால் பந்து பெரும்பாலும் முன்னாலேயே தீர்ந்துபோயிருக்கும். நல்ல அடியில் பந்து 1, 3, 5, 9 ஆகிய பின்களைத் தொட்டுக்கொண்டு உள்ளே போகும், தீர்ந்துபோன பந்து 5-ஐ அடிக்கும்போதே வலப்பக்கம் தள்ளப்பட்டுவிடும். வழுக்கினால் கால்களை வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள், இல்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள். தீர்ந்துபோனால் இடப்பக்கம் எண்ணெய்க்குள் போங்கள், அதுவும் போதாவிட்டால் பலம் குறைந்த பந்துக்கு மாறுங்கள்.

அடுத்தது, முதல் கேமில் நின்ற இடத்திலேயே கடைசி வரை நிற்பது. ஒவ்வொரு ரியாக்டிவ் பந்தும் போகிற வழியில் எண்ணெயை எடுத்துக்கொண்டுதான் போகிறது. ஒரு லீக் ராத்திரியில் அத்தனை பேரும் ஒரே தடத்தில் போட்டால் அந்தத் தடம் காய்ந்துபோகாமல் என்ன செய்யும்? பந்து முதல் பின்னின் மூக்கில் போய் இடிக்க ஆரம்பிக்கும். உடனே கையை இறுக்கிப் பந்தை வலப்பக்கம் தள்ளத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். கால்கள் 2 போர்டு (லேனின் நீளவாக்குப் பலகைகள்) இடப்பக்கம், குறி 1 போர்டு இடப்பக்கம், அவ்வளவுதான். ஸ்ப்ளிட் (பின்கள் இடைவெளி விட்டுப் பிரிந்து நிற்பது) வந்த பிறகு நகர்வதைவிட, ஸ்ட்ரைக் விழுந்து எல்லாப் பின்களும் சாய்ந்தாலும் பந்து வழக்கத்தைவிட முதல் பின்னின் நடுவுக்குச் சற்று நெருக்கமாக அடித்திருந்தால் அப்போதே நகர்ந்துவிடுவது நல்லது.

பளபளப்பு விஷயத்தில் நிறையப் பேருக்குக் குழப்பம். பேர்ல் கவர் நீளமாக வழுக்கிக் கடைசியில் வெடுக்கென்று திரும்பும், சாலிட் கவர் முன்னாலேயே பிடித்துச் சீராக வளையும், ஹைப்ரிட் இரண்டுக்கும் நடுவே. வெடுக்கென்று திரும்புவது பார்க்க அழகுதான், நானும் ரசிப்பேன். ஆனால் நடுவில் எண்ணெய் ததும்பி ஓரம் காய்ந்து கிடக்கும் லேனில் பாலிஷ் போட்ட பேர்ல் பந்து ஒரு போர்டு உள்ளே போனால் வழுக்கும், ஒரு போர்டு வெளியே போனால் துள்ளும். அங்கே அடக்கமான பந்துதான் காப்பாற்றும். புதுப் பந்து வாங்குவதற்கு முன் இருக்கிற பந்தின் மேற்பரப்பை மாற்றிப் பாருங்கள். தேய்க்கும் பேடில் எண் குறையக் குறைய சொரசொரப்பு கூடும்: 500, 1000 போட்டால் சீக்கிரம் பிடிக்கும், 4000 அல்லது பாலிஷ் என்றால் நீளமாகப் போகும். கடையில் வாங்கியபோது 2000 என்றால் இன்றைக்கும் 2000 என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், சில கேம்களிலேயே லேன் அதைத் தேய்த்து வழவழப்பாக்கிவிடும். பந்து நிஜமாகவே மந்தமாகிறபோது பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி பந்து உறிஞ்சிய எண்ணெய். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் மைக்ரோஃபைபர் துண்டால் பந்தின் மேலுள்ள எண்ணெய் வளையங்களைத் துடைக்க வேண்டும், ஆடி முடித்ததும் சூடு ஆறுவதற்குள் கிளீனர் போட வேண்டும். அமெரிக்க பவுலிங் அமைப்பான யூஎஸ்பிசியின் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் ஆட்டத்துக்கு நடுவே திரவக் கிளீனர் போடுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. பந்தைத் தேய்ப்பதையும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். எண்ணெயை வெளியே எடுக்கிறேன் என்று பந்தை வீட்டு ஓவனில் வைக்கிறவர்களும், வெயிலில் கார் டிக்கியில் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பந்தில் விரிசல் விழுந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

ஹவுஸ் ஷாட்டில் (சென்டரில் வழக்கமாகப் போடும் எண்ணெய் அமைப்பு) வந்த ஆவரேஜை நம்பி ஸ்போர்ட் பேட்டர்னில் (போட்டிகளுக்கான கடினமான எண்ணெய் அமைப்பு) இறங்குவது இன்னொரு வேடிக்கை. ஹவுஸ் ஷாட்டில் வலப்பக்கம் தவறினால் காய்ந்த ஓரம் பந்தைத் திருப்பி அனுப்பும், இடப்பக்கம் தவறினால் நடு எண்ணெய் தாங்கிப்பிடிக்கும். ஸ்போர்ட் பேட்டர்னில் எண்ணெய் ஓரத்துக்கும் நடுவுக்கும் பெரிய வித்தியாசமில்லாமல் பரவியிருக்கும், அங்கே தப்பு தப்புதான். பேட்டர்னின் நீளத்தைக் கேட்டுக்கொண்டு அதிலிருந்து 31-ஐக் கழியுங்கள், பந்து வலது ஓரத்திலிருந்து எத்தனையாவது போர்டில் திரும்ப வேண்டும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 40 அடி என்றால் 9ஆவது போர்டு. தொழில்முறை பவுலர்களின் அமைப்பான பிபிஏவின் பேட்ஜர் பேட்டர்ன் 52 அடி, அதாவது 21. அங்கே ஓரத்துக்கு அனுப்பிய பந்து திரும்பி வராது, உள்ளே நேராகத்தான் ஆட வேண்டும். முப்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும் குட்டைப் பேட்டர்ன் என்றால் கிட்டத்தட்டக் குழியின் விளிம்பு வரை விட வேண்டும், அங்கே யூரித்தேன்தான் பலருக்குக் கைகொடுக்கிறது.

அப்புறம் 10ஆம் பின் ஸ்பேர், அதாவது மிச்சமாக நிற்கும் அந்தப் பின்னை இரண்டாவது பந்தில் சாய்ப்பது. அதற்கு ரியாக்டிவ் பந்தை எடுக்காதீர்கள். மூலையில் எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று ஊகிக்க வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் பந்து எண்ணெயைக் கண்டுகொள்வதே இல்லை, குறுக்கே நேராகப் போகும். விலையும் குறைவு.