ஊர் ஊருணியைக் காக்க சிங்கப்பூரிலிருந்து நிதி: முதன்முறை இறங்குவோருக்கான செய்முறை

"ஊருணியைத் தூர்வார வேண்டும், ஆளுக்கு நூறு வெள்ளி போடுங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தால் போதும், இரண்டே நாளில் பணம் சேரத் தொடங்கிவிடும். சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்து வேலை பார்ப்பவர்களிடம் ஊர்த் தண்ணீருக்கென்று கேட்டால் இல்லை என்று சொல்பவர் குறைவு. சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. பணம் பொருளாளரிடம் இருக்கும். ஆனால் ஊரின் குடிநீர்க் குளமான ஊருணி யார் பொறுப்பில் இருக்கிறது, எந்த அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், பணத்தை எந்தக் கணக்கில் போட வேண்டும் என்பது எவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துக் குழுவில் சண்டை தொடங்கும்.

ஆகவே இந்த விளக்கத்தில் பணம் பிற்பாதியில்தான் வரும். முதலில் காகிதம்.

படி 1: நீர்நிலையின் ஜாதகத்தை எடுங்கள்

இதைச் சிங்கப்பூரில் இருந்தபடியே செய்யலாம். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், புல எண் (சர்வே எண்) ஆகியவற்றைக் கொடுத்தால் 'அ' பதிவேட்டின் பகுதி கிடைக்கும். உங்கள் ஊரின் பெயரும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் வேறு வேறாக இருக்கலாம். மூன்று நான்கு குக்கிராமங்கள் ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் அடங்கியிருப்பது வழக்கம். புல எண் தெரியாவிட்டால் ஊரில் இருக்கும் யாரையாவது கிராம நிர்வாக அலுவலரிடம் அனுப்பிக் கேளுங்கள்.

பதிவேட்டில் பார்க்க வேண்டியவை: இடத்தின் வகைப்பாடு என்ன, பரப்பு எவ்வளவு, யார் பெயரில் இருக்கிறது. குடிநீர் ஊருணிகள் பெரும்பாலும் ஊராட்சியின் பொறுப்பில் இருக்கும். பாசனக் கண்மாயாக இருந்தால், ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேரும். அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையைச் சேரும். சில ஊர்களில் ஊருணி கோயில் பெயரிலோ ஒரு குடும்பத்தின் பெயரிலோ இருப்பதுண்டு. அப்படி இருந்தால் அந்த முடிச்சை அவிழ்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். வரத்துக்கால் ஓடும் புல எண்களையும் எடுங்கள். ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் அந்தக் கால்வாய் எந்தெந்த நிலங்களின் ஓரமாக வருகிறது, புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) அதன் அகலம் எவ்வளவு, இன்று தரையில் எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். படத்தில் நான்கு மீட்டர் இருக்கும் கால்வாய் தரையில் ஒரு முழம் இருந்தால், உங்கள் ஊருணி ஏன் வறண்டது என்பதற்கான பதில் கைக்கு வந்துவிட்டது.

படி 2: என்ன வேலை என்பதை முடிவு செய்யுங்கள்

தூர்வாருவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். எந்திரம் வரும், படம் எடுக்கலாம், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். என் கணக்கில் அது மூன்றாவது வேலை. வரத்துக்காலைத் திறப்பது முதல் வேலை. கரையையும் சுற்றுப்புறத்தையும் காப்பது இரண்டாவது. ஆடு மாடு இறங்காமல் வேலி, துணி துவைக்க வேறு இடம், கழிவுநீரும் குப்பையும் வராமல் தடுப்பு, சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்தல் ஆகியவை இதில் அடங்கும். இந்த இரண்டும் இல்லாமல் தோண்டினால் பெரிய வெறுங்குழிதான் மிஞ்சும்.

தோண்டுவதிலும் ஓர் எல்லை உண்டு. ஊருணியின் அடியில் இருக்கும் களிமண் படுகைதான் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. வண்டலை மட்டும் எடுக்க வேண்டும். ஆசைப்பட்டுப் படுகையை வெட்டினால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். இராமநாதபுரம் போன்ற இடங்களில் நிலத்தடி உப்புநீர் மேலே கலக்கவும் வாய்ப்புண்டு. எடுத்த வண்டலை எங்கே கொட்டுவது என்ற கவலை வேண்டாம், வயலுக்கு அது உரம். விவசாயிகள் நீர்நிலை வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள வட்டாட்சியரே அனுமதி தரும் முறை 2024இல் வந்தது. அனுமதி இல்லாமல் ஒரு டிராக்டர் மண்கூட வெளியே போகக்கூடாது.

வேலையின் அளவை உணர ஒரு சிறு கணக்கு. ஒரு ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர் ஏறத்தாழ 12 லட்சம் லிட்டர். 600 பேர் உள்ள ஊரில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 10 லிட்டர் என்றால் நாளைக்கு 6,000 லிட்டர், அதாவது அந்த ஓர் அடித் தண்ணீர் 200 நாளுக்கு வரும். வெயிலில் ஆவியாவது இதில் பெரும்பங்கைக் கொண்டுபோகும் என்பதால் நான்கைந்து அடியாவது நிற்க வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் வந்துவிட்டதே, ஊருணி எதற்கு என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். குழாயில் தண்ணீர் வராத நாளில் ஊர் எதை நம்பி நிற்கும் என்பதே கேள்வி.

தண்ணீரைப் பரிசோதிக்கத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டரில் நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம். 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை கிருமி அறவே இருக்கக்கூடாது. திறந்த ஊருணியில் கடைசி நிபந்தனை தேறுவது அரிது. அதனால் கரையோரம் மணல் வடிகட்டியுடன் ஒரு கிணறு வெட்டி அதிலிருந்து எடுப்பதையும், குடிக்குமுன் காய்ச்சுவதையும் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். வேலைக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை பரிசோதித்தால் கொடுத்தவர்களுக்குக் காட்ட ஒரு சான்று இருக்கும்.

படி 3: கிராமசபைத் தீர்மானம்

இது இல்லாமல் அரசு அலுவலகத்தில் எந்தக் கோப்பும் நகராது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். தண்ணீர் பற்றிய தீர்மானத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. ஆனால் அந்த ஆண்டுக் கோடையிலேயே வேலை நடக்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய அக்டோபர், நவம்பர் அல்லது ஜனவரிக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டாக வேண்டும். ஊருணி வற்றியிருக்கும் மே முதல் ஆகஸ்ட் வரைதான் வேலை செய்ய முடியும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும்.

தீர்மானத்தின் வாசகம் இப்படி இருக்கலாம்:

"... ஊராட்சி, ... கிராமம், புல எண் ...இல் உள்ள குடிநீர் ஊருணியின் வரத்துக்காலைச் சீரமைத்தல், கரை அமைத்தல், வேலி அமைத்தல், வண்டல் அகற்றுதல் ஆகிய பணிகளைப் பொதுமக்கள் பங்களிப்புடன் மேற்கொள்ளவும், பணி முடிந்தபின் ஊருணியைப் பராமரிக்கும் பொறுப்பை ஊராட்சி ஏற்கவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

அந்தப் பின்பாதியை யாராவது வெட்டிவிடப் பார்ப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காத காலத்தில் ஊராட்சி தனி அலுவலரின் பொறுப்பில் இருக்கும்; 2025 ஜனவரியில் பல மாவட்டங்களில் அந்த நிலை வந்தது. அப்போது பேச வேண்டியவர் வட்டார வளர்ச்சி அலுவலர்.

படி 4: மதிப்பீடும் அரசின் பங்கும்

முழுச் செலவையும் நீங்களே சுமக்க வேண்டியதில்லை. ஒன்றியப் பொறியாளர் போட்டுத்தரும் மதிப்பீடு கைக்கு வந்ததும் 'நமக்கு நாமே' திட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பியுங்கள். ஊரகப் பகுதியில் பொதுமக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளில் ஐந்தில் ஒன்று. மீதியை அரசு தரும். மதிப்பீடு 9 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உங்கள் பங்கு 3 லட்சம். அறுபது பேர் சேர்ந்தால் ஆளுக்கு 5,000 ரூபாய்தான்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் சொந்த ஊருக்குச் செய்வதற்கென்றே அயலகத் தமிழர் நலத்துறையின் 'எனது கிராமம்' திட்டமும் இருக்கிறது. ஊராட்சியின் கையிலும் கொஞ்சம் பணம் இருக்கும். 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாவது நிதிக்குழு, உள்ளாட்சி மானியத்தில் 30 விழுக்காட்டைக் குடிநீர், மழைநீர் சேகரிப்புக்கென்றே கட்டிவைத்தது. ஊராட்சிச் செயலரிடம் இதைக் கேட்கும்போது குரலை உயர்த்தாமல் கேளுங்கள். அவர் உங்களுக்கு இன்னும் பலமுறை வேண்டியவர்.

மதிப்பீடு இல்லாத கொடைக்கு என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1857இல் டான் கிம் செங் என்ற வணிகர், நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர 13,000 வெள்ளி கொடுத்தார். அந்தப் பணம் போதவில்லை. நீர்த்தேக்கம் கட்டி முடிய 1868 ஆனது. தண்ணீர் ஊருக்குள் வர 1877 ஆனது. அவர் 1864இலேயே காலமாகிவிட்டார். எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கும் நீரூற்று அவருக்கான நன்றிக்கடன்.

படி 5: சிங்கப்பூர்ப் பக்கத்துச் சட்டம்

சிங்கப்பூருக்கு வெளியே நடக்கும் அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டியதில் செலவு போக 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே பயன்படுத்த வேண்டும் என்பது பொதுவிதி. அதைத் தளர்த்த ஆணையரிடம்தான் கேட்க வேண்டும். ஃபேஸ்புக்கில் எல்லாருக்கும் தெரியும்படி வேண்டுகோள் வைப்பது, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் உண்டியல் ஏந்துவது, தங்குவிடுதியில் அறை அறையாகப் போவது எல்லாம் இந்தச் சட்டங்களின் எல்லைக்குள் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சங்கமாக இயங்கினால் அதற்கும் தனியாகப் பதிவு தேவை.

சிறிய வேலைக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஊர்க்காரர்களின் வட்டத்துக்குள்ளேயே நில்லுங்கள். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்ற ஐயம் வந்தால் ஆணையர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: இங்கே யாரும் பணத்தைக் கையில் வாங்க வேண்டாம். பெயரும் தொகையும் எழுதிய உறுதிப் பட்டியல் மட்டும் போதும். திட்டத்துக்கு நிர்வாக ஒப்புதல் கிடைத்த பிறகு அவரவர் தம் பெயரிலேயே நேராக அனுப்பட்டும். பொருளாளர் என்ற பதவியே இல்லாவிட்டால் பாதிச் சண்டை இல்லை. குறைந்தபட்சத் தொகை வைக்காதீர்கள். முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடனையே இன்னும் அடைக்காத தம்பியிடம் போய் "ஊருக்காகத் தானே" என்று நெருக்குவது அநியாயம். பட்டியலைக் குழுவில் போடும்போது பெயர்களை மட்டும் போடுங்கள், தொகை வேண்டாம்.

படி 6: பணம் அனுப்புதல்

உங்கள் கையில் இருப்பது எந்தக் கடப்பிதழ் என்பதைப் பொறுத்தது இது. இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது இந்தியச் சட்டத்தின்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. உங்கள் என்.ஆர்.இ. கணக்குக்கு (வெளிநாடு வாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) அனுப்பி, அங்கிருந்து ஆட்சியர் அலுவலகம் எழுத்தில் கொடுத்த அரசுக் கணக்குக்கு மாற்றி, ரசீது வாங்குங்கள்.

சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவரின் பணம், அவர் பிறந்த ஊருக்கே போனாலும், வெளிநாட்டு நன்கொடைதான். ஊரில் உள்ள அறக்கட்டளையோ சங்கமோ அதை வாங்க வேண்டுமென்றால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில் மட்டுமே வாங்க வேண்டும். அரசுத் திட்டத்துக்கு நேராகக் கொடுப்பதாக இருந்தாலும், குடியுரிமையைச் சொல்லி, எப்படி அனுப்புவது என்று ஆட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ என்ற கைப்பேசிப் பணமாற்று முறைகளுக்கிடையே 2023 பிப்ரவரியில் வந்த இணைப்பு வசதியானதுதான். ஆனால் அது தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் வழி. வீட்டுச் செலவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாத ஆட்கள் வழியாகப் பணம் அனுப்பும் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

படி 7: வேலை நடக்கும்போதும் பிறகும்

ஊரில் இருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர்களில் ஒருவராவது அன்றாடம் அந்த ஊருணியில் குடத்தோடு போய்வரும் பெண்ணாக இருக்கட்டும். எந்தப் பக்கம் கழிவு இறங்குகிறது, எந்தப் படி வழுக்குகிறது என்பது பொறியாளரைவிட அந்த அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தினமும் ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வேலையின் அளவு பதிவாகும் அளவுப் புத்தகத்தைப் பார்க்கக் கேளுங்கள்.

பராமரிப்புக்கென்று ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை உறுதிப் பட்டியலிலேயே தனி வரியாகச் சேருங்கள். செப்டம்பரில், மழைக்கு முன், வரத்துக்காலில் முளைத்ததை வெட்டவும் வேலியில் அறுந்த கம்பியை மாற்றவும் ஆள்கூலி வேண்டும்.

கடைசியாகக் கல்வெட்டு. நன்கொடையாளர் பெயர் வைக்காமல் ஊர் விடாது, வைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தக் கல்லின் மேல்பாதியில் புல எண், மொத்தப் பரப்பு, வரத்துக்காலின் அகலம் ஆகியவற்றை வெட்டச் சொல்லுங்கள். பத்தாண்டு கழித்து யாராவது கால்வாய் ஓரத்தில் வேலியை நகர்த்தினால், அளந்து காட்ட ஊரின் நடுவிலேயே ஆதாரம் இருக்கும்.