தமிழ் மடல் மட்டும் டிகேஐஎம் சோதனையில் ஏன் விழுந்தது?

கிளிநொச்சியில் ஒரு நெல் களஞ்சியத்துக்கு மின்னஞ்சலில் வரும் விலைப்பட்டியல்கள் போலியா என்று டிகேஐஎம் (DKIM) மூலம், அதாவது அனுப்பும் டொமைன் மடலில் இடும் மின் கையொப்பத்தைக் கொண்டு, சோதிக்கும் பைதான் நிரல் அது. ஆங்கில மடல்கள் தேறும். தமிழ் மடல்கள் எல்லாம் போலி என்று விழும். "தம்பி, தமிழில எழுதினா களவோ?" என்று கேட்டா கணக்குப் பார்க்கிற அக்கா.

டிகேஐஎம் தலைப்பில் உள்ள பிஎச்= (bh=) என்பது மடல் உடலின் ஹாஷ், அதாவது உடலில் இருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி ஒரு குறி. அனுப்பப்பட்ட பைட்டுகளுக்குத்தான் அது. நாம் வாசிக்கும் எழுத்துக்கு அல்ல. தமிழ் உடல் பெரும்பாலும் பேஸ்64 (பைட்டுகளை ஆங்கில எழுத்து, இலக்கம் போன்ற குறிகளாக எழுதும் முறை) வரிகளாக வரும். நிரலோ அதைத் தமிழாக விரித்து, சேமித்து, திரும்பக் குறியேற்றிய பிறகே சோதித்தது. ஒரு வரி வேறிடத்தில் முறிந்தாலே ஹாஷ் மாறிவிடும். டிகேஐஎம்மின் தளர்ந்த ஒப்பீடான ரிலாக்ஸ்ட் முறை இடைவெளி மாற்றங்களைப் பொறுக்கும், இதைப் பொறுக்காது.

சேவையகத்தில் இருந்து மடல் எடுக்கும் ஐமேப்பில் (IMAP) பாடி.பீக்[] (BODY.PEEK[]) போட்டு மூலப் பைட்டுகளை எடுத்து, ஒன்றையும் தொடாமல் டிகேஐஎம்பை (dkimpy) என்ற பைதான் நூலகத்தின் வெரிஃபைக்குக் (verify) கொடுத்தேன். தேறியது. பீக் என்பதால் வாசித்த அடையாளமும் விழாது. அக்காவுக்கு அதுதான் பெரிய விஷயம்.

தேறிவிட்டது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். கையொப்பத்தில் உள்ள டி= (d=) டொமைனும் ஃப்ரம் (From) முகவரியின் டொமைனும் பொருந்துகிறதா பாருங்கள்; கள்ளனும் தன் சொந்த டொமைனில் ஒழுங்காகக் கையொப்பமிடலாம். கையொப்பத்தைச் சரிபார்க்கும் திறவுகோல் டிஎன்எஸ்ஸில் (டொமைன் விவரங்களைத் தரும் இணையப் பட்டியல்) இருந்து வருவதால், மாரியில் இணைப்பு அறுந்த நேரம் "போலி" என்று பதியாமல் பிறகு மறுபடி சோதிக்க விடுங்கள்.