டக் டூர் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மே மாதம் பிறந்தால் போதும், ஊரிலிருந்து விருந்தாளிகள் சிங்கப்பூர் வந்து இறங்கத் தொடங்கிவிடுவார்கள். கூட வருவது பிள்ளைகள் என்றால் டக் டூர் கட்டாயம். சன்டெக் சிட்டியில் ஏறி, சாலையில் கொஞ்சம் சுற்றி, அதே வண்டியில் தண்ணீருக்குள் இறங்கி, மரினா பேயை ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பும் ஒரு மணி நேரச் சவாரி. கூட்டிக்கொண்டு போகும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். அதனால் முதல்முறை வருகிறவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். ஆரம்பத்தில் நானும் அங்கேதான் சறுக்கினேன். தொப்பி, தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

பின் வரிசைக்கு ஓடுவது

குடும்பமாக உட்கார வசதி என்று பலர் நேராகப் பின்னால் போய்விடுகிறார்கள். சிங்கப்பூரில் இந்தச் சவாரிக்குப் பேர் வாங்கித் தந்தது லார்க் என்ற வண்டி. துறைமுகம் இல்லாத கரையில் கப்பலிலிருந்து சரக்கு இறக்குவதற்காக அமெரிக்க ராணுவம் செய்து, வியட்நாம் போரில் ஓட்டியது. அலுமினிய உடம்பு, ஐந்து டன் சுமக்கும். அதன் எஞ்சின் இருப்பது பின்பக்கம். பின் வரிசையில் உட்கார்ந்தால் வழிகாட்டி சொல்லும் கதை எதுவும் காதில் விழாது, டீசல் சத்தம்தான் கேட்கும்.

இன்னொன்று, லார்க்கில் நம் பேருந்துபோல ஸ்பிரிங் கிடையாது. குலுக்கலை எல்லாம் அந்தப் பெரிய டயர்களே தாங்க வேண்டும். முதுகுவலிக்காரர்களை நடு வரிசையில் உட்கார வையுங்கள். கர்ப்பிணிகள் டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. ஏறுவதற்கும் படி உயரம். மூட்டுவலி உள்ள பாட்டியைக் கடைசி ஆளாக ஏற்றிக்கொள்ளலாம் என்று நிறுத்தி வைக்காதீர்கள், முதலில் ஏற்றுங்கள்.

வேகத்தை எதிர்பார்ப்பது

தண்ணீரில் மணிக்கு 15 கிலோமீட்டர் போனால் அதுவே அதிகம். ஸ்பீட் போட் வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள்.

கடைசி நாள் மதியத்துக்கு வைத்துக்கொண்டு, அப்புறம் சண்டை போடுவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தீராத விஷயம் இதுதான்.

திட்டம் போடும்போது எல்லாரும் ஒரே மாதிரி போடுகிறார்கள். முதல் நாள் செந்தோசா, இரண்டாம் நாள் விலங்குத் தோட்டம், மூன்றாம் நாள் முஸ்தபாவில் சாமான் வாங்குவது. ராத்திரி திருச்சி விமானம், நடுவில் மூன்று மணி நேரம் சும்மா இருக்கிறதே, அதில் டக் டூர். ஏப்ரல், மே மாதங்களில் சிங்கப்பூரில் இடிமழை கூடுவது பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். அக்டோபர், நவம்பரிலும் அப்படியே. மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டால் வண்டியைத் தண்ணீருக்குள் இறக்க மாட்டார்கள். சில சமயம் காத்திருக்கச் சொல்வார்கள், சில சமயம் அந்தச் சவாரியே ரத்து.

பெரியப்பா குடும்பம் வந்திருந்தபோது இதுதான் நடந்தது. நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், ஊரிலேயே ஒரு ஏஜென்டிடம் எல்லாவற்றையும் சேர்த்து டிக்கெட் வாங்கிவிட்டார்கள். கவுன்டருக்குப் போனால், மின்னல் எச்சரிக்கை இருக்கிறது, இப்போது தண்ணீருக்குள் போக முடியாது என்றார்கள். வெளியே பார்த்தால் நல்ல வெயில். பெரியப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஏன்டா, மண்டைய பொளக்குற வெயில் அடிக்குது. எங்கயோ இடி இடிச்சா இவங்களுக்கு என்னடா? அது என்ன கடலா? அணை கட்டின தண்ணிதான? அலைகூட கிடையாதேடா!"

அந்தக் கடைசி வாதம் பாதி சரி. 2008-இல் மரினா தடுப்பணை வந்த பிறகு மரினா பே கடலோடு சேர்ந்ததல்ல, நன்னீர்த் தேக்கம். ஏற்ற வற்றம் இல்லை, பெரும்பாலான நாள் அலையும் இல்லை. ஆனால் இதே வாதத்தை யார் சொன்னாலும் எனக்கு டேபிள் ராக் ஏரிதான் ஞாபகம் வரும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிரான்சன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதுவும் அணை கட்டின ஏரிதான்.

2018 ஜூலை 19 அன்று அங்கே கடும் புயல் எச்சரிக்கை வந்தது. அங்கே ஓடிய டக் டூரில் வழக்கமாக முதலில் சாலையில் சுற்றிவிட்டுப் பிறகு தண்ணீருக்குள் போவார்கள். புயல் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று அன்றைக்குத் தண்ணீரை முதலில் வைத்துக்கொண்டார்கள். வண்டி இறங்கியபோது ஏரி அமைதியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. முன்பக்கக் காற்றுத் திறப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து வண்டி மூழ்கியது. இருந்தவர்கள் 31 பேர், இறந்தவர்கள் 17 பேர். அது லார்க் அல்ல, இரண்டாம் உலகப்போர்க் காலத்து டக் லாரியை நீட்டிச் செய்தது. இருந்தாலும் இந்த வகை வண்டிகளுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு: கனமானவை, தண்ணீர் மட்டத்திலிருந்து விளிம்பு அதிக உயரம் இருக்காது. உள்ளே தண்ணீர் நிறையத் தொடங்கினால் படகுபோல் தாக்குப்பிடிக்காது.

புயலே இல்லாமலும் நடந்திருக்கிறது. 1999 மே 1, ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹாமில்டன் ஏரி. அதுவும் தேக்கம்தான். சக்கரத்துக்குப் போகும் தண்டைச் சுற்றியிருந்த ரப்பர் உறை கழன்று தண்ணீர் உள்ளே வந்தது. 21 பேரில் 13 பேர் இறந்தார்கள். நீச்சல் தெரியாததைவிட மேலே இருந்த கூரைதான் எமனாக இருந்தது, அதற்குள் மாட்டிக்கொண்டார்கள். கூரையை எடுத்துவிடுங்கள் என்று விசாரணை வாரியம் அப்போதே சொன்னது. 19 வருடம் கழித்து பிரான்சனிலும் கூரை இருந்தது, பக்கவாட்டில் பிளாஸ்டிக் திரையும் இருந்தது. தண்ணீரில் போகும்போது இரண்டையும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தப்பிப்பதைத் தடுக்காத கூரையாக இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 2022 டிசம்பரில்தான்.

இதையெல்லாம் கவுன்டரில் நின்று பெரியப்பாவிடம் சொல்ல முடியுமா? சொல்லிப் பார்த்தேன். "நல்ல நாளும் அதுவுமா சாவைப் பத்திப் பேசுறான்" என்று பெரியம்மா கோபித்துக்கொண்டார். ஏஜென்ட் பணம் திருப்பித் தரவில்லை. டிக்கெட்டின் அடியில் வானிலை பற்றி ஒரு வரி இருந்ததாம். கடைசியில் அன்று மரினா பேயில் ஒரு சொட்டு மழைகூட விழவில்லை. கல்யாண வீடுகளில் பெரியப்பா இன்னும் இந்தக் கதையைச் சொல்கிறார். சொல்லட்டும். தண்ணீருக்குள் போக முடியாது என்று சொன்ன அந்தக் கவுன்டர் பையன் பக்கம்தான் நான்.

ஆகவே, டக் டூரை வந்த மறுநாள் காலையில் வையுங்கள். சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று சில நாள் காலையையும் கெடுக்கும், அப்போதும் மாற்றிக்கொள்ள உங்கள் கையில் நாள் இருக்கும். ரத்தானால் வேறு நாள் தருவார்களா, பணம் தருவார்களா என்பதை டிக்கெட் விற்கும் ஆளிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் சிங்கப்பூர் வானிலையைக் காட்டும் மைஎன்வி செயலியில் மழை மேகம் எங்கே நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பாதுகாப்பு விளக்கம் சொல்லும்போது செல்ஃபி எடுப்பது

எப்படி வெளியேறுவது, லைஃப் ஜாக்கெட் எங்கே, எப்போது போட வேண்டும் என்று சொல்வார்கள். காது கொடுத்துக் கேளுங்கள். கூரை உள்ள வண்டி மூழ்கும்போது ஜாக்கெட் உங்களை மேலே தூக்கிக் கூரையோடு அழுத்திவிடக்கூடும். அதனால் ஜாக்கெட் இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாமல், எந்தப் பக்கமாக வெளியே போவது என்பதையும் உட்கார்ந்தவுடன் பார்த்துவையுங்கள். பிள்ளைகளின் அளவுக்கு ஜாக்கெட் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

எந்தப் பக்கம் உட்காருவது என்று சண்டை

வண்டி திரும்பும். மெர்லயன் சிலை இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

கழிவறை

வண்டியில் இல்லை. நடுவில் இறக்கிவிடவும் மாட்டார்கள்.

"சன்டெக் வந்துட்டோம், இதோ வந்துடுறோம்"

சன்டெக் சிட்டி என்பது ஒரு கட்டடம் இல்லை. ஐந்து கோபுரங்கள், கீழே முழுக்கக் கடைகள். உள்ளே நுழைந்து கவுன்டரைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆகும். எம்ஆர்டியில் வருகிறவர்கள் எஸ்பிளனேட் அல்லது புரொமெனாட் நிலையத்தில் இறங்குங்கள். நீரூற்றில் போட்டோ எடுப்பதைச் சவாரி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். உங்களுக்காக வண்டி நிற்காது.

ரத்தானதும் ஓட்டலுக்குத் திரும்பிவிடுவது

பிள்ளைகள் அழுவார்கள், சரி. ஆனால் இடிமழை பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். சாயங்காலம் வானம் தெளிந்தால் கிளார்க் கீயில் பம்போட் ஏறுங்கள். ஆற்றின் வழியே அதே மரினா பேக்குள்தான் போகும், இருட்டிய பிறகு விளக்குகளும் எரியும். வண்டியோடு தண்ணீருக்குள் தொப்பென்று விழும் அந்த ஒரு நிமிடம் மட்டும் கிடைக்காது.