குமரி மாவட்டத்தை ஒரே நாளில் சுற்றுபவர்கள் செய்யும் தவறுகள்

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்து, விவேகானந்தர் பாறைக்குப் படகு வரிசையில் நின்று, பதினோரு மணிக்கு மேல் மலைப்பக்கம் வண்டியைத் திருப்புவதுதான் பலருடைய திட்டம். முதல் தவறே இதுதான். மாத்தூர் தொட்டிப் பாலத்தில் ஒதுங்க நிழல் கிடையாது. காமராசர் காலத்தில் திட்டமிட்டு 1966-இல் முடிந்த பாலம் அது. பறளியாற்றுக்கு மேல் 115 அடி உயரத்தில், ஒரு குன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் போகிற தொட்டி, அதை ஒட்டியே ஒடுங்கலான நடைபாதை. காலையில் போனால் கீழே ஆறும் தோப்புகளும் நிதானமாகப் பார்க்கக் கிடைக்கும். உச்சி வெயிலில் எப்போது இறங்குவோம் என்றிருக்கும்.

அதனால் மலை காலையில், கடல் மாலையில். திற்பரப்பு அருவியை முதலில் முடித்துவிடுங்கள். நாகர்கோவிலில் வெயில் அடிக்கிறது என்பதை நம்பிக் கிளம்பாதீர்கள். மலையில் மழை பெய்து பேச்சிப்பாறை அணையைத் திறந்துவிட்டால் கோதையாறு பெருகும், குளிக்கத் தடை போடுவார்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம், முதல் நாளே விசாரித்துவிடுவது நல்லது.

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. மதியம் உணவு இடைவேளையும் உண்டு, இரண்டு மணிக்கு மேல் போவதுதான் சரி. திருவட்டாறு பெருமாளைப் பார்க்க வேண்டுமென்றால் நண்பகலுக்குள் போய்விடுங்கள்; ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். தூரத்தை மட்டும் வைத்து நேரம் கணக்குப் போடாதீர்கள். ஊருக்கு ஊர் ஒட்டிக்கிடக்கும் வளைவுச் சாலைகள், போதாததற்குக் கல் ஏற்றிய டாரஸ் லாரிகள்.

இதுவரை சொன்னதில் தவறினால் பொழுதுதான் வீணாகும். முட்டம் கடற்கரையில் தவறினால் உயிர் போகும். அங்கே பாறைகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, படம் எடுக்க அவற்றின் விளிம்புக்கே போகிறார்கள். பத்து நிமிடம் அமைதியாக இருந்த கடல் அடுத்த நிமிடமும் அப்படியே இருக்கும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. தெற்கே வெகுதொலைவில் வீசிய புயல்காற்று எழுப்பிய அலை, நாட்கணக்கில் பயணித்து, இங்கே காற்றே இல்லாத நேரத்தில் வந்து மோதும். கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்வது இதைத்தான். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப் போனது அப்படியொரு நாளில்தான். முன்கூட்டியே எச்சரிக்கையும் விடப்பட்டிருந்தது.

பாறையில் ஈரமோ பாசியோ தெரிந்தால் அலை அதுவரை ஏறுகிறது என்று அர்த்தம். அதற்கு நன்றாக மேலே நின்றுகொள்ளுங்கள், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கிளம்பும் முன், கடல் எச்சரிக்கைகளை வெளியிடும் மத்திய அரசு மையமான இன்காய்ஸின் (INCOIS) இணையதளத்தில் அலை எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணாச்சி யாராவது “இன்னைக்கு இறங்காதீங்க” என்று சொன்னால், மேலே கலங்கரை விளக்கப் பக்கம் நின்றே சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.