புல்தரை என்று நினைத்து அணைமேல் நடப்பவர்களுக்கு

சிங்கப்பூரின் லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துக்கு ஞாயிறு காலையில் வருகிறவர்கள் பலருக்கு அங்கே அணை ஒன்று இருப்பதே தெரியாது. போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைத்துப் போயிருந்தேன். தொடக்கநிலை ஐந்து படிக்கிறாள். பள்ளியில் தண்ணீரைப் பற்றி ஏதோ செயல்திட்டம். அவள் அம்மாவும் உடன் வந்தார். கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, அணை எங்கே?" என்றாள். "நீ நின்னுக்கிட்டு இருக்கிறதே அதுமேலதான்மா" என்றேன். அவள் நம்பவில்லை. அவள் மனதில் இருந்தது மரினா அணைக்கட்டு மாதிரி பெரிய பெரிய இரும்புக் கதவுகள்.

அன்று அவளுக்குக் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பொறியாளர் இல்லை. இந்த ஊர்க் கட்டுமானத் தளங்களில் நிலத்தடி நீர்மட்டம் அளக்கிற வேலை, 14 வருஷமாக. அதற்கு முன்னால் சிவகங்கைப் பக்கம் கண்மாய்க் கரையில் வளர்ந்தவன். பெரியப்பா ஊர் நீர்ப்பாய்ச்சி. மடை திறப்பது, அடைப்பது, மழைக்காலத்தில் ராத்திரி லாந்தரோடு கரை சுற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு.

முதலில், இந்த அணை எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். காலாங் ஆற்றின் தலைமாட்டில் குறுக்கே கரை போட்டு, காட்டில் பெய்த மழையைக் குடிநீருக்காகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். 1912-இல் திறந்தபோது காலாங் ஆற்று நீர்த்தேக்கம் என்றுதான் பெயர். நகராட்சிப் பொறியாளராக இருந்த ராபர்ட் பியர்ஸின் பெயரை 1922-இல் வைத்தார்கள். மெக்ரிட்சி இதைவிட மூத்தது, 1868. மேலே இருக்கும் அப்பர் பியர்ஸ் 1975-இல் வந்தது. ஊரில் ஒரு கண்மாய் மறுகால் பாய்ந்தால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும் இல்லையா, இங்கேயும் அதே கணக்குதான். அப்பர் பியர்ஸுக்குக் கீழே லோயர் பியர்ஸ், அதற்குக் கீழே காலாங் ஆறு. அந்த ஆறு பீஷான் பூங்கா வழியாக இறங்கி, கடைசியில் 2008-இல் கட்டிய மரினா அணைக்கட்டுக்குப் பின்னால் போய்த் தேங்குகிறது. நம் ஊர்ச் சங்கிலிக் கண்மாய்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சரி, எப்படிப் பார்ப்பது? தண்ணீருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். எல்லாரும் தண்ணீரைத்தான் படம் எடுக்கிறார்கள். ஆனால் மண் அணை தன் உடம்பில் என்ன கோளாறு என்பதை வெளிப்பக்கச் சரிவிலும் அதன் அடியிலும்தான் காட்டும். வேலி தாண்ட வேண்டாம், சரிவில் இறங்கவும் வேண்டாம். பொது வழியில் நின்று பார்த்தாலே போதும்.

சரிவில் மரம் இல்லாததைக் கவனியுங்கள். சுற்றிலும் அவ்வளவு காடு இருக்கும்போது கரையில் மட்டும் ஏன் வெட்டிவிட்ட புல்? அழகுக்காக இல்லை. மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த வேர் இருந்த இடம் தண்ணீருக்குக் குழாயாகிவிடும். புயலில் மரம் சாய்ந்தால் வேரோடு ஒரு வண்டி மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும். புல் குட்டையாக இருந்தால் இன்னொரு வசதி: விரிசல், உள்வாங்கிய பள்ளம், உடும்பு வளை, காட்டுப்பன்றி கிளறிய இடம் எதுவும் மறையாது. கண்மாய்க் கரையில் கருவேலமுள் மண்டினால் பெரியப்பா அரிவாளோடு போவார். நிழலை வெட்டுகிறாரே என்று நாங்கள் சண்டை போடுவோம்.

அடுத்தது கசிவு. இதில்தான் பலருக்குக் குழப்பம். மண் அணை என்றால் கசியும். நல்லபடி கட்டிய அணையில்கூடக் கொஞ்சம் கசிவு உண்டு. அதை ஓரிடத்துக்கு வரவழைத்து, அளந்து, வடிகாலில் விடுவார்கள். பயப்பட வேண்டியது கசிவைக் கண்டு இல்லை, அது மாறுவதைக் கண்டு. நேற்று இல்லாத இடத்தில் இன்று ஈரம், மற்ற இடம் காய்ந்திருக்கும்போது ஒரு பட்டைப் புல் மட்டும் பச்சென்று இருப்பது, மழையே இல்லாமல் கசிவு கூடுவது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கலங்கல்.

பெரியப்பாவிடம் கருவி எதுவும் கிடையாது. கரையடியில் ஊறும் நீரை உள்ளங்கையில் ஏந்துவார். லாந்தரைக் கிட்டே கொண்டுவரச் சொல்வார். தண்ணீருக்கு அடியில் கைரேகை தெரிந்தால், "போய்ப் படுங்கடா" என்பார். ரேகை மங்கினால் ஊரை எழுப்ப ஆள் ஓடும். தெளிந்த நீர் என்றால் தண்ணீர் மட்டும் வருகிறது. கலங்கல் என்றால் கரையின் மண்ணும் கூடவே வருகிறது, உள்ளே ஓட்டை பெரிதாகிக்கொண்டிருக்கிறது. 1976 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணையில் நடந்தது இதுதான். 90 மீட்டருக்கு மேல் உயரம், முதல்முறை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். காலையில் கலங்கல் கசிவைப் பார்த்தார்கள். நண்பகலுக்குள் அணை போய்விட்டது. 11 பேர் இறந்தார்கள்.

ஊற்றுக்கண்ணைச் சுற்றி எறும்புப் புற்று மாதிரி மணல் வட்டமாகக் குவிந்திருந்தால் அது இன்னும் மோசம். அப்படி ஒன்றைக் கண்டால் அடைக்கத்தான் கை துடிக்கும். ஆனால் அடைக்கக் கூடாது. அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் பீறும். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, உள்ளே நீர்மட்டத்தை உயரவிட்டு, மேலே மணல், அப்புறம் சிறு ஜல்லி, அப்புறம் கல் என்று போடுவார்கள். தண்ணீர் வரும், மண் வராது. சிங்கப்பூரில் இதை நீங்கள் செய்யப் போவதில்லை. இங்கே உங்கள் வேலை, படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தண்ணீரைக் கவனிக்கிற பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குச் (PUB) சொல்வதோடு முடிகிறது. ஊருக்குப் போகும்போது உதவும் என்றுதான் சொல்லி வைக்கிறேன்.

சில அணைகளின் சரிவில் பூட்டுப் போட்ட மூடியோடு குட்டையான குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். என் பிழைப்பே அந்த மாதிரிக் குழாய்தான். மூடியைத் திறந்து டிப் மீட்டரின் நாடாவை உள்ளே இறக்கினால், முனை தண்ணீரைத் தொட்டதும் 'பீப்' என்று கத்தும். நாடாவில் அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அணைக்குள் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை இப்படித்தான் அறிகிறார்கள். ஒரு தளத்தில் ஒரே ராத்திரியில் நீர்மட்டம் 60 சென்டிமீட்டர் ஏறிவிட்டது என்று நான் அலறியடித்துச் சொல்ல, பாதி நாள் தோண்டும் வேலையை நிறுத்தினார்கள். பார்த்தால், யாரோ வண்டியை ஏற்றிக் குழாயின் மூடியை உடைத்திருக்கிறார்கள். மழைத்தண்ணீர் நேரே உள்ளே போயிருக்கிறது. வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதனால் சொல்கிறேன், ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதே இடத்தை வெயில் நாளில் ஒன்று, மழைக்கு மறுநாள் ஒன்று என்று படம் எடுத்து வையுங்கள். கலங்கல் ஒன்றுக்கு மட்டும் இந்தப் பொறுமை கூடாது, உடனே சொல்லுங்கள்.

இப்போது தண்ணீர்ப் பக்கம் திரும்பலாம். கரையின் தலைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த இடைவெளியைக் காப்பதுதான் உபரிநீர் வழி, ஊர் வழக்கில் கலுங்கு. மண் கரைக்குமேல் தண்ணீர் வழிந்தால் அரித்துக்கொண்டு போய்விடும். அதனால் கரையைவிடத் தாழ்வாக, கல்லிலோ கான்கிரீட்டிலோ ஒரு வழி. எங்கள் ஊரில் இரண்டு போகம் பார்க்கும் ஆசையில் கலுங்குமேல் மண்மூட்டை அடுக்குவார்கள். பெரியப்பாவுக்கு வந்த பகையெல்லாம் அந்த மூட்டைகளை உருட்டிவிட்டதால் வந்ததுதான். நீர்மட்டம் மளமளவென்று இறங்கினாலும் ஆபத்து உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஈரம் குடித்த உட்சரிவுக்குத் தாங்கிப் பிடித்த தண்ணீர் திடீரென்று இல்லாமல் போனால் அது சரியும்.

உங்கள் சொந்தப் பாதுகாப்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இடி கேட்டால் கரையைவிட்டு இறங்கிவிடுங்கள்; திறந்த வெளியில் நீங்கள்தான் உயரம். குரங்குக்குத் தீனி போடாதீர்கள், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. உணவுப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டும் போகாதீர்கள், அதைக் குரங்கு தானே வாங்கிக்கொள்ளும்.

அப்படியே பீஷான் பூங்காவுக்கும் போய் வாருங்கள், நடக்கிற தூரம்தான். கான்கிரீட் கால்வாயாக இருந்த ஆற்றை 2012-இல் புல்லும் கல்லுமாக மாற்றியிருக்கிறார்கள், பிள்ளைகள் இறங்கி விளையாடலாம். மழை வந்தால் நீர் சட்டென்று ஏறும். எச்சரிக்கை விளக்கு மின்னினாலோ சங்கு ஊதினாலோ, செருப்பைத் தேடிக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். நாங்கள் போன அன்று வெயில். அந்தப் பிள்ளை ஆற்றில் இறங்கி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் குனிந்து பார்த்தாள். "ரேகை தெரியுது மாமா. ஆனா ஒரு மீன்குஞ்சும் இருக்கு, அது கணக்குல வருமா?"